கரைசலில் நுண்படிகங்கள் பிறப்பதும் வளர்வதும்

மலேரியாக் காய்ச்சலைக் கண்டறிவதற்காகக் கிராமங்களுக்கு எடுத்துச் செல்லப்படும் சோதனைப் பட்டையைச் சுகாதாரக் களப்பணியாளர் அனைவரும் அறிவர். விரல் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தத்தை எடுத்துப் பட்டையில் இட்டு, உடன் வந்துள்ள திரவத்தையும் விட்டுச் சுமார் கால் மணி நேரம் பொறுத்திருந்தால், வெண்ணிறப் பரப்பில் சிவந்த கோடுகள் தோன்றும். பெரும்பாலான பட்டைகளில் அக்கோட்டிற்குச் சிவப்பு நிறம் தருவது சாயம் அன்று, தங்கம். நோய்க்கிருமியின் புரதத்தைப் பற்றிக்கொள்ளக்கூடிய எதிர்ப்புப் புரதங்களைத் தன்மேல் தாங்கிய பல கோடித் தங்கத் துகள்கள் ஓரிடத்தில் வந்து தங்குவதையே நாம் கோடாகக் காண்கிறோம்.

மஞ்சள் நிறமான தங்கம் சிவப்பாகத் தோன்றுவானேன்? துகளின் சிறுமையே காரணம். இத்தகைய பட்டைகளில் பயன்படும் துகளின் குறுக்களவு பெரும்பாலும் 40 நானோமீட்டரை ஒட்டியது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காகப் பிரித்தால் அவற்றுள் ஒரு பங்கே நானோமீட்டர். அவ்வளவு சிறிய தங்கத்தில் உள்ள மின்னணுக்கள், ஒளி படும்போது, அனைத்தும் ஒருங்கே இங்குமங்கும் ஊசலாடுகின்றன. அந்த ஊசலுக்குப் பச்சை ஒளி பெரிதும் செலவாகிவிடுவதால் எஞ்சிய சிவப்பு நம் கண்ணை வந்தடைகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டங்களாகிவிட்டால் நிறம் ஊதாவாகவும் நீலமாகவும் மாறிவிடும்.

40 நானோமீட்டர் குறுக்களவுள்ள தங்கத் துகள் ஒன்றில் சுமார் 20 இலட்சம் அணுக்கள் உள்ளன. ஒரு துகளில் இருப்பதைப் போலவே அடுத்த துகளிலும் ஏறத்தாழ அத்தனை அணுக்கள் இருத்தல் வேண்டும். அளவு வேறுபட்டால் ஒவ்வொரு துகளும் தாங்கும் புரதத்தின் அளவு வேறுபடும். பட்டையில் ஊர்ந்து செல்லும் வேகமும் நிறத்தின் அழுத்தமும் வேறுபடும். ஒரு கட்டுப் பட்டையில் நன்றாகத் தெரிந்த கோடு மற்றொரு கட்டில் மங்கித் தோன்றுமாயின், காய்ச்சலோடு வந்தவருக்கு மருந்து கொடுப்பதா, இல்லையா என்று அவ்விடத்திலேயே முடிவு செய்ய வேண்டியவர் என் செய்வார்? இத்துகள்களை உளி கொண்டு செதுக்கவோ சல்லடை கொண்டு சலிக்கவோ எளிய வழி இல்லை. ஆயினும் கொதிக்கும் நீரில் இரண்டு உப்புகளைக் கலந்து சில நிமிடங்களில் இவற்றை ஏறத்தாழ ஒரே அளவாகப் பெறுகின்றனர். இது இயலுவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பாரடேயின் செந்நிறத் திரவம்

இத்திரவத்தை முதன்முதல் விஞ்ஞான முறையில் ஆராய்ந்தவர் மைக்கேல் பாரடே. 1857-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இலண்டன் இராயல் சொசைட்டியில் அவர் தம் ஆராய்ச்சியை விளக்கினார். தங்கக் குளோரைடின் நீர்க்கரைசலோடு, கார்பன் டைசல்பைடில் கரைத்த பாஸ்பரசைச் சேர்த்து, மாணிக்க நிறமுடைய திரவத்தை அவர் பெற்றார். கண்ணுக்குத் தெளிந்த கரைசலாகத் தோன்றிய அதனுள் ஓர் ஒளிக்கற்றையைச் செலுத்தினார். கற்றையின் பாதை ஒளிர்ந்தது. தங்கம் அதில் கரைந்திருக்கவில்லை, மிக நுண்ணிய துகள்களாக மிதக்கின்றது என்று அவர் முடிவு செய்தார். சிறிது சமையல் உப்பை இட்டவுடன் செந்நிறம் நீலமாக மாறுவதையும் அவரே கண்டார். துகள்களை ஒன்றையொன்று அண்டவிடாமல் விலக்கி வைத்திருந்த மின்னூட்டத்தை உப்பு மறைத்துவிடுகிறது என்பது பின்னாளில் விளங்கிற்று. அவர் தயாரித்த திரவங்களுள் சில இன்றும் இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் செந்நிறமும் மாறவில்லை.

இத்தகைய திரவத்தைச் செய்வதற்கு இன்று பெரிதும் கையாளப்படும் முறை, 1951-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டர்கெவிச் என்பாரும் அவருடைய துணைவர்களும் ஆராய்ந்து வெளியிட்டது. தங்க உப்பின் மிக நீர்த்த கரைசலைக் கொதிக்கவைத்து, எலுமிச்சை அமிலத்தின் சோடிய உப்பாகிய சிட்ரேட்டைச் சேர்த்தால், வெளிர்மஞ்சள் நிறம் முதலில் மறைகிறது. பின்னர்க் கருநீலச் சாயல் படர்ந்து, ஊதாவாகி, இறுதியில் மாணிக்கச் சிவப்பில் வந்து நிற்கிறது. துகளின் குறுக்களவு சுமார் 20 நானோமீட்டர். சிட்ரேட்டின் விகிதத்தைக் குறைத்தால் துகள் பெரிதாகும் என்று 1973-இல் பிரென்ஸ் காட்டினார். 16 முதல் 147 நானோமீட்டர் வரை துகளளவை அவர் மாற்றிக் காட்டினார். தங்கத்தின் அளவு ஒன்றே. சிட்ரேட்டு குறையும்போது நிலைத்து நிற்கும் துகள்களின் எண்ணிக்கை குறைகிறது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு மிகுகிறது. எத்தனை துகள்கள் பிறந்து நிலைக்கின்றன என்பதே துகளின் அளவை நிர்ணயிக்கிறது என்பதை இதனால் அறியலாம்.

பிறப்பிற்கு ஒரு தடை

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். கரைசலில் படிகத்தின் முதல் துணுக்கு தோன்றுவதைக் குறிக்க ஆங்கில நூல்கள் ஆளும் சொல்லும், அணுவின் நடுப்பகுதியைக் குறிக்கும் சொல்லும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை. தமிழில் இரண்டையும் ‘கரு’ என்றே வழங்குவதால், அணுக்கருவுக்கும் இதற்கும் ஏதோ தொடர்புண்டு என்று மாணவர் மயங்குவதைக் காண்கிறோம். தொடர்பு யாதும் இல்லை. ஆகவே இக்கட்டுரையில் ‘படிகக் கரு’ என்றே எழுதப்படும். ‘வித்து’ என்ற சொல்லோ, வெளியிலிருந்து நாமாகக் கரைசலில் இடும் படிகத் துணுக்குக்கு உரியது. கருவும் வித்தும் ஒன்றல்ல.

கற்கண்டு செய்யும் முறையை நினைவு கூர்க. சர்க்கரையைச் சுடுநீரில் இயன்ற மட்டும் கரைத்துப் பாகாக்கி மெல்லக் குளிரவிட்டால், குளிர்ந்த நீர் தாங்கக்கூடிய அளவுக்கு மேற்பட்ட சர்க்கரை அதில் கரைந்தே நிற்கும். இதற்கு மிகைபூரிதக் கரைசல் என்று பெயர். மிகையான சர்க்கரை உடனே வெளிவருவதன்றோ இயல்பு? அது வருவதில்லை, நூல் ஒன்றைத் தொங்கவிட்டால் அதனைப் பற்றிக்கொண்டே வெளிவருகிறது. நூல் இல்லாவிடின் வெகுநேரம் காத்திருக்கிறது. இந்தத் தயக்கத்தின் காரணத்தைக் கிப்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1870-களிலேயே வெப்ப இயக்கவியலின் வழியே எடுத்துக் காட்டினார். 1926-இல் வோல்மரும் வேபரும், 1935-இல் பெக்கரும் டோரிங்கும் அதனைக் கணக்கியல் வடிவில் வளர்த்தனர்.

அக்கணக்கின் சாரம் வரவு செலவு போன்றது. கரைந்து திரியும் அணுக்கள் மிகைபூரிதக் கரைசலிலிருந்து ஒன்றுகூடித் திண்மமாவதால் சக்தி வரவு உண்டு. அது துகளின் கன அளவை, அதாவது ஆரத்தின் கனத்தைப் பொறுத்தது. ஆனால் தோன்றிய துகளுக்கு ஒரு மேற்பரப்பும் உண்டு. மேற்பரப்பில் நிற்கும் அணுவுக்கு ஒருபுறம் தன்னினத் துணை இல்லை. அந்நிலைக்குச் சக்தி செலவாகிறது. இச்செலவு பரப்பளவை, அதாவது ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. துகள் மிகச் சிறிதாக இருக்கையில் வர்க்கம் கனத்தை மிஞ்சி நிற்கிறது. 2 நானோமீட்டர் குறுக்களவுள்ள தங்கத் துகளில் சுமார் 250 அணுக்களே உண்டு. அவற்றுள் ஏறத்தாழப் பாதி மேற்பரப்பில் நிற்பவை. வருவாயைவிடச் செலவு மிகுந்த குடும்பம் நிலைக்குமா? ஓர் எல்லை அளவை எட்டாத துணுக்குகள் கூடியவாறே மீண்டும் கலைந்துபோகின்றன. தற்செயலாக அவ்வெல்லையைத் தாண்டிவிட்ட ஒன்றுக்கு மட்டும், வளர வளர வரவே மிகுகிறது. அதுவே படிகக் கரு.

மிகைபூரிதம் எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்கு எல்லை அளவும் குறையும், தாண்ட வேண்டிய சக்தித் தடையும் குறையும். கரைசலின் செறிவை அதன் பூரிதச் செறிவால் வகுத்து வரும் விகிதத்தின் மடக்கையை எடுத்துக்கொண்டால், தடை அம்மடக்கையின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் அமைகிறது. கரு பிறக்கும் வேகமோ தடையை அடுக்குக்குறியில் கொண்டது. ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளிவாக்கலாம். மூலக்கூறுகளின் வெப்ப அசைவுக்குரிய சக்தியை ஓரலகாகக் கொள்வோம். விகிதம் 10 ஆக இருக்கும்போது தடை 60 அலகு என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 100 ஆனால் மடக்கை இரட்டிக்கிறது. தடை நான்கில் ஒரு பங்காகி 15 அலகாகிறது. பிறப்பின் வேகம் எத்தனை மடங்கு உயரும்? 3-ஐ அடுத்து 19 சுழிகளை இட்டால் வரும் எண்ணைவிடச் சற்று அதிகமான மடங்கு! செறிவு பத்து மடங்கு ஏறியதற்கு விளைவு இது. ஆகவே கரு பிறப்பது படிப்படியாக நிகழும் செயல் அன்று. ஒரு வரம்பு வரை அனேகமாக ஒன்றுமே பிறவாது. அதைக் கடந்தவுடன் வெள்ளமெனப் பிறக்கும். இந்த வரம்பு இல்லையேல் ஒரே அளவான துகள்கள் என்ற பேச்சுக்கே இடமிராது.

கண்ணாடிக் கலத்தின் கீறலோ, ஒட்டியிருக்கும் தூசியோ, முந்திய தயாரிப்பின் எச்சமோ ஒரு தாங்கு பரப்பாக அமைந்து தடையைப் பெரிதும் குறைத்துவிடும். தங்கத் திரவம் செய்வோர் கலங்களை முதலில் இராஜ திராவகத்தால் கழுவுவது இதனாலேயே. வெறும் தூய்மைப் பழக்கம் என்று இதனைக் கருதுதல் கூடாது.

ஒரே நாளில் விதைத்த நாற்று

1950-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் விக்டர் லா மெர், டினேகர் என்னும் இருவரும் ஒரே அளவான துகள்கள் எப்படிக் கிடைக்கின்றன என்பதற்கு ஒரு விளக்கம் தந்தனர். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் நம் பள்ளி ஆய்வுக்கூடங்களுக்குப் புதியதன்று. சோடியம் தயோசல்பேட்டுக் கரைசலில் அமிலத்தைச் சேர்த்துக் கந்தகம் வெளிப்படுவதைக் காண்பது அது. காகிதத்தில் வரைந்த குறுக்குக் கோடு கலத்தின் வழியே மறையும் நேரத்தை மாணவர்கள் கணக்கிடுவார்களே, அதே மாற்றம். அவர்கள் இரு கரைசல்களையும் மிக மிக நீர்த்த நிலையில் எடுத்துக்கொண்டனர் என்பதே வேறுபாடு.

அந்நிலையில் கந்தகம் மெல்ல மெல்ல வெளிப்பட்டுக் கரைந்த நிலையில் சேர்ந்துகொண்டே வருகிறது. செறிவு பூரித நிலையைத் தாண்டியும் ஏறுகிறது. இன்னும் ஒன்றும் பிறப்பதில்லை. பின் வரம்பை எட்டுகிறது. எட்டியவுடன் எண்ணற்ற கருக்கள் ஒரு சிறு கால அளவுக்குள் பிறக்கின்றன. பிறந்தவை கந்தகத்தை உடனே உண்ணத் தொடங்கிவிடுவதால் செறிவு வரம்புக்குக் கீழே இறங்கிவிடுகிறது. புதிய கரு பிறக்க இனி வழி இல்லை. அதன் பிறகு மெல்ல வெளிப்படும் கந்தகம் முழுவதும் முன்பே பிறந்தவற்றுக்கே பங்காகிறது. ஒரே நாளில் விதைத்த நாற்றங்காலில் பயிர் சமமாக எழுவதையும், நாலைந்து தவணையாக விதைத்த நிலத்தில் உயரமும் குட்டையுமாக நிற்பதையும் விவசாய விரிவாக்கப் பணியாளர்கள் கண்டிருப்பார்கள். பிறப்பையும் வளர்ச்சியையும் காலத்தால் பிரித்து வைப்பதே இங்கு இரகசியம்.

வளர்ச்சியும் இதற்குத் துணைசெய்கிறது. கரைந்துள்ள பொருள் பரவி வந்து சேரும் வேகமே வளர்ச்சியைக் கட்டுப்படுத்துமாயின், ஆரம் பெருகும் வேகம் ஆரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும் என்று 1951-இல் ஹோவர்டு ரைஸ் காட்டினார். சிறியது விரைந்தும் பெரியது தாமதித்தும் வளர்வதால், பின்தங்கியவை முன்னே சென்றவற்றை எட்டிப் பிடிக்கின்றன. ஆனால் இது கரைசலில் உணவு மிகுந்திருக்கும் வரைதான். உணவு குன்றினால் கதை தலைகீழாகிறது. சிறிய படிகம் பெரியதைவிட எளிதில் கரையும் இயல்புடையது. எனவே சிறியவை கரைந்து, அப்பொருள் பெரியவற்றின்மேல் படிகிறது. வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டின் பெயரால் வழங்கும் இந்த முதிர்ச்சியை இரசாயன ஆசிரியர்கள் தம்மை அறியாமலே பயன்படுத்தி வருகின்றனர். பேரியம் சல்பேட்டு வீழ்படிவை வடிகட்டுவதற்கு முன் வெந்நீர்த் தொட்டியின்மேல் வைத்திருப்பது எதற்காக? நுண்ணிய துகள்கள் கரைந்து, வடிதாளில் தங்கக்கூடிய பருமனுக்கு மற்றவை வளர்வதற்காகவே. முதிர்ச்சியில் சராசரி ஆரத்தின் கனம் காலத்தை ஒட்டி வளரும் என்று 1961-இல் லிப்ஷிட்ஸ், ஸ்லியோசாவ் ஆகியோரும், தனியே வாக்னரும் கணித்தனர்; அதாவது ஆரம் இருமடங்காக வேண்டின் எட்டு மடங்கு காலம் செல்லும். பகுப்பாய்வுக்கு நன்மையான இதுவே, ஒரே அளவான துகளை விரும்புவோருக்குப் பகை. வேண்டிய அளவை அடைந்ததும் வளர்ச்சியை நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

இம்முதிர்ச்சியே ஒரு கண்டுபிடிப்புக்கும் வழிகாட்டியது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் லூயி புருஸ், காட்மியம் சல்பைடின் நுண்படிகங்களைக் கரைசலில் செய்து ஆராய்ந்துவந்தார். மேசைமேல் சிறிது காலம் வைத்திருந்த கரைசலின் ஒளியியற் பண்புகள் மாறியிருந்தன. படிகங்கள் வளர்ந்துவிட்டமையே காரணமாகலாம் என்று ஐயுற்று, சுமார் 4.5 நானோமீட்டர் அளவுள்ள புதிய படிகங்களையும் 12.5 நானோமீட்டர் அளவுள்ள பெரியவற்றையும் ஒப்பிட்டார். பெரியவை காட்மியம் சல்பைடு வழக்கமாக ஏற்கும் ஒளியையே ஏற்றன. சிறியவை ஏற்ற ஒளி நீல முனையை நோக்கி நகர்ந்திருந்தது. பொருள் ஒன்றே, அளவு மட்டும் மாற, நிறம் மாறிற்று. 1983-இல் இது வெளிவந்தது. அதற்குச் சற்று முன்பே சோவியத் நாட்டில் அலெக்சி எகிமோவ், கண்ணாடிக்குள் வளர்ந்த செப்புக் குளோரைடுப் படிகங்களில் இதே விளைவைக் கண்டிருந்தார்.

ஆனால் அளவுகள் கலந்து கிடந்தால் நிறங்களும் கலங்கிவிடும். 1993-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மௌங்கி பாவெண்டியும் அவர் மாணவர்களும் இக்குறையைத் தீர்த்தனர். சுமார் 300 பாகை சென்டிகிரேடு வரை சூடேற்றிய ஒரு கரைப்பானுக்குள், காட்மியமும் செலினியமும் அடங்கிய குளிர்ந்த திரவத்தை ஒரே வீச்சில் பீய்ச்சினர். கணப்பொழுதில் மிகைபூரிதம் உச்சத்தை எட்டிக் கருக்கள் பிறந்தன. குளிர்ந்த திரவம் கலந்ததால் வெப்பநிலை இறங்கி, பிறப்பு நின்றது. பின்னர் மெல்லச் சூடேற்றி, வேண்டிய அளவுவரை வளர்த்தனர். லா மெர் மிக மெதுவாகச் செய்தார். பாவெண்டி மிக விரைவாகச் செய்தார். எதிர்மாறாகத் தோன்றும் இவ்விரு வழிகளின் நோக்கமும் ஒன்றே, பிறப்புக் காலத்தைச் சுருக்குவது. புருஸ், எகிமோவ், பாவெண்டி மூவருக்கும் 2023-ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஏட்டுப்படமும் உண்மையும்

செறிவு ஏறி, வரம்பைத் தொட்டு, இறங்கும் லா மெரின் வளைகோடு பாடநூல்களில் பெரிதும் இடம்பெற்றுவிட்டது. அதனை மாணவருக்குக் கற்பிக்கலாம். ஆனால் எல்லாப் படிகங்களும் அப்படியே பிறக்கின்றன என்று கற்பித்தல் தகாது. சிவப்புக் கோட்டிற்கு உரிய தங்கமே அதற்கு முழுமையாக அடங்குவதில்லை.

டர்கெவிச்சே தொடக்கத்தில் வேறு கருத்துடையவராக இருந்தார். சிட்ரேட்டிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் தங்க அயனிகளைப் பிணைத்துத் திரட்டி வைக்கிறது, அத்திரளே பின்னர் உலோகமாகிறது என்பது அவர் கொள்கை. 2010-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில், மாற்றம் நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே எக்ஸ் கதிர்களைக் கரைசலின் வழியே செலுத்தி, துகள்களின் எண்ணிக்கையையும் அளவையும் கணக்கிட்டனர். முதலில் மிகச் சிறிய துகள்கள் ஏராளமாகத் தோன்றின. பின்னர் அவை ஒன்றோடொன்று இணைந்து எண்ணிக்கை குறைந்தது. அதன்பின் வெகுநேரம் மெதுவான வளர்ச்சி. இறுதியில் எஞ்சியிருந்த தங்கம் முழுவதும் விரைந்து படிந்து முடிந்தது. ஆகவே நாம் இறுதியில் காணும் துகள்களின் எண்ணிக்கை, பிறந்தவற்றின் எண்ணிக்கை அன்று. இணைந்தவை போக எஞ்சியவற்றின் எண்ணிக்கை. இணைப்பை எந்த அளவில் நிறுத்துவது என்பதைத் துகளின்மேல் ஒட்டிக்கொள்ளும் சிட்ரேட்டும் கரைசலின் அமிலத்தன்மையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பிரென்ஸ் கண்ட ஒழுங்கு இதனால் பொய்க்கவில்லை. அதன் காரணமே வேறாகிறது. இடையில் தோன்றும் கருநீலச் சாயலுக்கு இன்றும் ஆராய்ச்சியாளரிடையே ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உண்டு.

இணைவதைக் கண்ணால் கண்டவர்களும் உளர். 2009-இல் அமெரிக்காவின் பெர்க்லியில், மெல்லிய சிலிக்கன் நைட்ரைடுச் சாளரங்களுக்கு இடையே திரவத்தை அடைத்து, மின்னணு நுண்ணோக்கியில் பிளாட்டினப் படிகங்கள் வளர்வதைத் தொடர்ந்து படம் பிடித்தனர். சில படிகங்கள் அணு அணுவாக வளர்ந்தன. வேறு சில இரண்டு இரண்டாக இணைந்தன. இருவகையாலும் வந்தவை இறுதியில் ஏறத்தாழ ஒரே அளவில் நின்றன. அணு அடுக்குகளின் திசை பொருந்துமாறு படிகங்கள் அணிவகுத்து ஒட்டிக்கொள்வதை டைட்டானியம் ஆக்சைடில் பென், பான்பீல்டு என்போர் 1998-லேயே விவரித்திருந்தனர்.

பட்டையைக் கையாளுவோருக்கு இதில் நடைமுறைச் செய்தி ஒன்று உண்டு. உறையில் அச்சிட்டுள்ள வெப்பநிலை வரம்பும், ஈரம் புகாமல் வைக்கவேண்டும் என்ற எச்சரிக்கையும் பெரும்பாலும் தங்கத்தை முன்னிட்டவை அல்ல. பாரடேயின் திரவம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்திருப்பதை முன்னரே கண்டோம். வெப்பத்திலும் ஈரத்திலும் கெடுவது துகளின்மேலும் பட்டையின்மேலும் பதித்துள்ள எதிர்ப்புப் புரதம். அது கெட்டால் தங்கம் சிவப்பாகவே இருக்கும். கோட்டில் வந்து தங்காது.

ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டத்தக்கது கந்தகச் சோதனை. குறுக்குக் கோட்டுச் சோதனைக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் தயோசல்பேட்டுக் கரைசலை ஒரு கண்ணாடிக் கலத்திலும், அதனையே பத்து மடங்கோ அதற்கு மேலோ நீர்க்கச் செய்து மற்றொரு கலத்திலும் எடுத்துக்கொண்டு, அறையை இருட்டாக்கி, கைவிளக்கின் ஒளிக்கற்றையைக் கலங்களின் வழியே செலுத்துக. பின்னர் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்துக் காலத்தைக் குறித்து வருக. கந்தக டையாக்சைடு வாயு சிறிது வெளிப்படும். ஆதலால் சாளரங்களுக்குத் திரையிட்டாலும் காற்றோட்டத்தைத் தடுத்தல் கூடாது. கலங்களை முகர்தலும் கூடாது. முதற்கலம் விரைவில் பால்போல் ஆகிவிடும். இரண்டாவதில் வெகுநேரம் ஒன்றும் தெரியாது. பின் பக்கவாட்டில் நீல ஒளி எழும். எதிர்ப்புறத்தில் வெளிவரும் ஒளி மஞ்சளாகி மாலைச் சூரியனைப் போலச் சிவக்கும். ஒன்றும் தெரியாதிருந்த இடைவேளை முழுவதும் கரு பிறவாத காலம் என்று மாணவர் எழுதினால் திருத்துக: மாற்றமே மெதுவாக நிகழ்வதும், பிறந்த துகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவுக்கு வளர வேண்டியிருப்பதும் அந்த இடைவேளையில் அடக்கம்.